ஒரு டிபியில் 69 ஜிபி எங்கே போனது?

புது ஹார்ட் டிஸ்க் வாங்கியவர்களில் சிலர் மறுநாளே அதை எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்துவிடுவார்கள். "ஒரு டிபின்னுதானே குடுத்தீங்க அண்ணே, 931 ஜிபிதான் காட்டுது!" காசு கொடுத்தவர் கேட்கத்தான் செய்வார். பொறுமையாகப் பதில் சொல்வது எங்கள் கடமை.

அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். ஒரு ஜிபி என்றால் 100 கோடி பைட் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். அப்படியானால் ஒரு டிபி, லட்சம் கோடி பைட். அத்தனையும் டிஸ்க்கில் இருக்கிறது. டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்டீஸ் போனால், பைட் கணக்கு முழு நீளத்துக்குத் தெரியும். பக்கத்திலேயே 931 ஜிபி என்றும் இருக்கும். காரணம், விண்டோஸ் ஆயிரம் ஆயிரமாக வகுக்காமல் 1024 ஆல் வகுக்கிறது. அதற்கு ஒரு ஜிபி 1,07,37,41,824 பைட்.

கிலோபைட் அளவில் இந்த வித்தியாசம் 2.4 சதவீதம்தான். ஒவ்வொரு படியிலும் பெருகி, டிபிக்கு வரும்போது ஏறக்குறைய 10 சதவீதம் ஆகிவிடுகிறது. ஆப்பிள் 2009இல் மேக் கணினிகளை ஆயிரம் கணக்குக்கு மாற்றிவிட்டது. விண்டோஸும் மாற வேண்டும் என்பேன்.

மொபைல் கதை வேறு. அங்கே ஆண்ட்ராய்டே நிஜமாக இடம் பிடித்துக்கொள்கிறது.

சில நூறு ரூபாய்க்கு விற்கும் '2 டிபி' பென்டிரைவைக் கண்டால்தான் எனக்குப் பயம். திரையில் முழு அளவும் காட்டும். உள்ளே இருக்கும் சிப் சிறியது. அது நிறைந்தபின் ஏற்றும் கல்யாண போட்டோக்கள் திறக்காது.