பழைய சின்னக் காரா? நாலு சில்லும் இழுக்கும் வேகனா?

வீட்டில் கார் மாற்றும் பேச்சு எழுந்தால், "அது ஆண்கள் பார்த்துக்கொள்ளும் விஷயம்" என்று நம்மில் பலர் ஒதுங்கிக்கொள்கிறோம். ஆனால் அந்தக் காருக்காகக் கழற்றப்படுவது பெரும்பாலும் நமது நகைதான். அதில் ஏறிப் போவதும் நம் பிள்ளைகள்தான். எனவே சகோதரிகளே, கேட்க வேண்டியதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் மீண்டும் திறந்துவிடப்பட்டது. அதோடு பல வீடுகளில் இந்தப் பேச்சும் தொடங்கியது. முற்றத்தில் நிற்கும் பழைய மாருதி 800ஐ விற்றுவிட்டு, சுபாரு அவுட்பேக் போன்ற ஒரு வேகனை வாங்கினால் என்ன?

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். மாருதி 800 இந்தியாவில் 1983இல் வெளிவந்து, 2014இல் உற்பத்தி நின்றுபோன கார். 796 சீசீ எஞ்சின். எடை ஏறத்தாழ 650 கிலோ. முன் சில்லுகள் இரண்டும் இழுக்கும். அவுட்பேக்கோ ஒன்றரைத் தொன் அளவு எடையுள்ளது. எஞ்சின் பெரும்பாலும் 2.5 லீற்றர். நான்கு சில்லுகளுக்கும் இழுவிசை போகும். பின்வந்த மாதிரிகளில் அடிப்பாகம் தரையிலிருந்து 20 சென்ரிமீற்றருக்கு மேல் உயர்ந்து நிற்கும்.

செலவில் சின்னக் கார்தான் நம் தோழி. 2022 ஆகஸ்டில் கியூஆர் முறை வந்தபோது ஒரு காருக்கு வாரம் 20 லீற்றர்தான் என்றிருந்தது நினைவிருக்கிறதா? லீற்றருக்கு 15 கிலோமீற்றர் ஓடும் சின்னக் கார் அதில் 300 கிலோமீற்றர் போகும். 10 கிலோமீற்றர் ஓடும் வேகன் 200உடன் நின்றுவிடும். இன்னொன்று: வேகனில் ஒரு டயர் பழுதானால் ஒன்றை மட்டும் புதிதாகப் போட்டு ஓட முடியாது. நான்கும் ஏறக்குறைய ஒரே அளவு தேய்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இழுவிசையைப் பகிரும் பாகம் கெட்டுப்போகும். அந்தத் திருத்தச் செலவு பெரிது.

அப்படியானால் நாலு சில்லு இழுவையால் பயன் என்ன? சேற்று ஏற்றத்திலும் ஈரமான தோட்டப் பாதையிலும் வண்டி சறுக்காமல் நகரும். ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். அது வண்டியைப் புறப்பட வைக்குமே தவிர, விரைவாக நிறுத்தாது! பிரேக் எல்லாக் கார்களிலும் நான்கு சில்லிலும்தான் இருக்கிறது. மழையில் நிற்பதற்கு உதவுவது நல்ல டயரும் நிதானமான வேகமுமே. அக்குறணை நகரில் வீதியை வெள்ளம் மூடுவதை நாம் அறிவோம். ஓடும் வெள்ளம் வேகனையும் தூக்கிவிடும்.

புதிய வாகனத்தின் உண்மையான சிறப்பு வேறிடத்தில் இருக்கிறது. எயார்பேக், சில்லுகள் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பிரேக், மோதலைத் தாங்கும் உடற்கட்டு ஆகியனவே அவை. 2014இல் குளோபல் என்கெப் அமைப்பு, எயார்பேக் இல்லாத ஐந்து இந்தியச் சின்னக் கார்களை மோதிச் சோதித்தது. ஆல்டோ 800 உட்பட எதற்குமே, பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. அதற்கும் முந்திய காலத்து மாருதி 800ஐ நெடுஞ்சாலைக்குக் கொண்டு போகுமுன் இதை எண்ணிப் பாருங்கள்.

இனி முடிவு உங்கள் கையில். ஊருக்குள்ளேயே பாடசாலை, சந்தை, உம்மா வீடு என்று ஓடுவதானால், டயரும் பிரேக்கும் நன்றாக உள்ள சின்னக் கார் போதும். மலைநாட்டு மண் பாதையில் வீடிருந்தால், அல்லது மாதந்தோறும் குடும்பத்துடன் தூரப் பயணம் இருந்தால் வேகன் பொருத்தம். மண் பாதை இல்லை, பாதுகாப்புத்தான் நோக்கம் என்றால், எயார்பேக்கும் ஏபிஎஸ்ஸும் உள்ள புதிய சின்னக் காரும் உண்டு. பெரிய வேகன்தான் வேண்டுமென்றில்லை. நகையில் பாதியாவது மிஞ்சும்.

எந்தக் காரானாலும் ஒன்றை இன்றே செய்யலாம். கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன் ஆசனத்தில் அமராதீர்கள். மோதும் வேகத்தில் எந்தத் தாயின் கைப்பிடியும் நிற்காது. விரியும் எயார்பேக்கே குழந்தைக்கு ஆபத்தாகிவிடும். பின் ஆசனத்தில், குழந்தைக்குரிய இருக்கையில் பட்டி போட்டு இருத்துங்கள். இதற்கு நகை விற்க வேண்டியதில்லை!