ஃபைட்டர் மீனுக்கு எவ்வளவு தீனி?

கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் ஃபைட்டர் என்று விற்கப்படும் பெட்டா மீனை வாங்குகிறவர்கள், ‘என்ன தீனி போடணும்?’ என்று கேட்காமல் போவதில்லை. ‘எவ்வளவு?’ என்று கேட்பவர்கள் குறைவு. மீனின் உடல்நலம் பெரிதும் அந்தக் கேட்காத கேள்வியில்தான் இருக்கிறது.

என்ன போடலாம்?

தாய்லாந்தின் நெல்வயல்களிலும் ஆழமில்லாத சதுப்புகளிலும் வளரும் பெட்டா, பூச்சி புழுக்களைத் தின்று வாழ்வது. நீர்ப்பரப்பில் விழும் பூச்சியையும் அங்கே தொங்கும் கொசுப்புழுவையும் கவ்வுவதற்கு ஏற்றாற்போல அதன் வாய் மேல்நோக்கித் திறக்கிறது. எனவே கோயில் குளத்து மீன்களுக்கு வீசும் பொரியும், சோறும், ரொட்டித் துண்டும் இதற்கு ஆகாது. மீன் அல்லது இறால் மாவு முதன்மையாகச் சேர்ந்த பெல்லட், இடையிடையே ஆர்ட்டீமியா அல்லது டாஃப்னியா போன்ற சிறு நீருயிர்கள் போதும்.

ஒரு சிட்டிகையின் கணக்கு

பெல்லட்டில் புரதம் 40 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். புரதத்தில் ஏறத்தாழ 16 சதவீதம் நைட்ரஜன். அப்படியானால் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு தீனியில் 6.4 மில்லிகிராம் நைட்ரஜன் இருக்கிறது. 2 லிட்டர் கண்ணாடிக் கிண்ணத்தில் அது மீந்து அழுகி முழுவதும் அம்மோனியாவானால், லிட்டருக்கு 3.2 மில்லிகிராம் நைட்ரஜன் அந்த வடிவில் சேரும். இருக்கவேண்டிய அளவோ பூஜ்யம். மீன் தின்றுவிட்டாலும் கணக்கு முழுதாகத் தீராது. செரித்த புரதத்தில் உடம்பில் தங்காத பகுதி செவுள் வழியாக அம்மோனியாவாகவே வெளியேறி, அதே செவுளை அரிக்கிறது. பழகிய ஃபில்டர் உள்ள பெரிய தொட்டியில் நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றிவிடும். வெறும் கிண்ணத்தில் அந்த வேலை போதிய அளவு நடக்காது. அங்கே தண்ணீரை மாற்றுவதுதான் வழி. தீனியின் அளவைத் தீர்மானிப்பதில் மீனின் வயிற்றுக்கு நிகரான பங்கு தண்ணீருக்கும் உண்டு என்பது இதனால்தான்.

‘கலங்கல் தண்ணீரிலும் வாழ்கிற மீன்தானே?’ என்பார்கள். காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் உறுப்பு அதற்கு இருப்பது உண்மை. அது ஆக்சிஜன் குறைவைச் சமாளிக்க உதவுமே தவிர, அம்மோனியாவை முறிக்காது. வயல் நீர் ஆழம் குறைந்தது, ஆனால் பரந்தது. செடியும் சேறும் அங்கே கழிவை வாங்கிக்கொள்கின்றன. கிண்ணத்தில் அது நடக்குமா?

கேட்கிறதே என்று போடலாமா?

ஆளைக் கண்டதும் கண்ணாடியருகே வந்து துள்ளுவதைப் பசி என்றே எடுத்துக்கொள்கிறோம். இரை எப்போது கிடைக்கும் என்று தெரியாத இடத்து உயிர், கண்டபோதெல்லாம் தின்னத்தான் பார்க்கும். தீனி போடும் கையை அடையாளம் காணவும் பழகிவிடும். வளர்ந்த மீனுக்குக் காலையில் 2 முதல் 4 சிறிய பெல்லட், மாலையிலும் அப்படியே போதும். பெரிய பெல்லட்டானால் எண்ணிக்கை குறைய வேண்டும். இரண்டு நிமிடத்தில் தின்னாததை வெளியே எடுத்துவிடுங்கள். குளிர்ந்த நீரில் செரிமானம் மந்தமாகும், அப்போது இன்னும் குறைக்கலாம். நலமான மீன் இரண்டு நாள் பட்டினியைத் தாங்கும். ஊருக்குப் போகையில் டப்பாவோடு பக்கத்து வீட்டில் ஒப்படைப்பதுதான் எனக்கு ஆபத்தாகப் படுகிறது. இரக்கத்தில் அள்ளிப் போட்டுவிடுவார்கள்.

வயிறு உப்பினால் பட்டாணி கொடுக்கச் சொல்வதும் உண்டு. ஊன் தின்னும் மீனுக்கு அது பொருந்தாது. வெறும் மலச்சிக்கல் என்றால் ஒருநாள் தீனியை நிறுத்திப் பிறகு டாஃப்னியா கொடுத்துப் பார்க்கலாம். செதில்கள் சிலிர்த்து நின்றால் உடலுக்குள் நீர் கோத்திருக்கிறது. அது தீனியால் சரியாகும் நிலை அல்ல.

உயிர்ப்புழு இயற்கையானதுதானே?

இயற்கைதான், ஆனால் வருமிடம் முக்கியம். கடைகளில் கிடைக்கும் டியூபிஃபெக்ஸ் புழு பெரும்பாலும் சாக்கடைச் சேற்றில் வளர்வது. நோய்க்கிருமியையும் சேர்த்துக் கொண்டுவரக்கூடும். வாளியில் கொசுப்புழு வளர்ப்பவர்கள் இன்னொன்றையும் நினைக்க வேண்டும்: மீன் தின்னாத புழு சில நாட்களில் கொசுவாகப் பறந்துவிடும், டெங்கு பரப்பும் ஏடிஸ் உட்பட. இவற்றைவிட உறைய வைத்த தீனி பாதுகாப்பானது. உலர்த்திய இரத்தப்புழுவின் தூள் சிலருக்குத் தும்மலையும் மூச்சிரைப்பையும் தரும், டப்பாவை முகத்தருகே வைத்துத் திறக்க வேண்டாம். கையில் வெட்டுக்காயம் இருந்தால் அதைத் தொட்டி நீரில் விடாதீர்கள். மைக்கோபாக்டீரியம் மரினம் என்ற கிருமி காயத்தின் வழியே புகுந்து, எளிதில் ஆறாத தோல் கட்டிகளை உண்டாக்கும்.