பம்பிங் எவ்வளவு? கோடு போட்டது யார்?

எக்கோ எடுத்துவிட்டு வெளியே வருபவரிடம் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி, "பம்பிங் எவ்வளவு?" என்பதுதான். இதயத்தின் இடது கீழறை, தன்னிடமுள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை ஒரு துடிப்பில் வெளியே தள்ளுகிறது என்ற கணக்கு அது. ஆண்களுக்கு 52, பெண்களுக்கு 54-க்குக் கீழே போனால் குறைவு. 35-ஐத் தாண்டாவிட்டால், திடீர் மரணத்தைத் தடுக்கும் ஐசிடி கருவி பொருத்துவது பற்றிப் பேச்சு வரும்.

அந்த எண் பிறப்பது ஒரு கோட்டில். அறை நன்றாக விரிந்த நொடியிலும், முழுதாகச் சுருங்கிய நொடியிலும் படத்தை நிறுத்தி, உட்சுவரை ஒட்டி விளிம்பு வரைய வேண்டும். கையால் வரைந்து வந்த இதைப் பல இயந்திரங்களில் இப்போது மென்பொருளே செய்கிறது. விரிந்தபோது 120 மி.லி., சுருங்கியபோது 75 மி.லி. என்றால் பம்பிங் 37.5. சுருங்கிய கோடு சற்றே தள்ளிப்போய் 80 மி.லி. என்று காட்டினால், 33! இடையில் இருப்பது ஒரு தேக்கரண்டி அளவுதான்.

இயந்திரத்தைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. அமெரிக்காவில் 3,495 எக்கோக்களை வைத்து நடந்து, 2023-ல் வெளியான ஆய்வில், டெக்னீஷியன்கள் கணித்தவற்றில் 27.2 சதவீதத்தை இதய மருத்துவர்கள் கணிசமாகத் திருத்தினார்கள். செயற்கை நுண்ணறிவு கணித்தவற்றில் 16.8 சதவீதத்தைத்தான். ஆனாலும் ஆறில் ஒன்றை மருத்துவர் திருத்த வேண்டியிருந்ததே!

இன்னொரு கவலையும் உண்டு. பிரிட்டனில் 5,903 பேரின் இதய எம்ஆர்ஐ படங்களை ஆராய்ந்தபோது, மென்பொருள் போட்ட கோடு, கையால் வரைந்த கோட்டோடு வெள்ளையர்களிடம் சுமார் 94 சதவீதம் பொருந்தியது. சிறுபான்மை இனத்தவரிடம் 86 முதல் 89 வரைதான். அந்த மென்பொருள் பயின்ற படங்களில் பெரும்பாலானவை வெள்ளையர்களுடையவை.

ஆகவே, "டாக்டர் கோட்டைப் பார்த்துச் சரிசெய்தாரா?" என்று தயங்காமல் கேளுங்கள். மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கின்றன, 2002-ம் ஆண்டின் மருத்துவக் கவுன்சில் விதிகள். இந்தியாவில் இத்தகைய மென்பொருளும் மருத்துவச் சாதனம்தான். கோளாறு என்று சந்தேகித்தால் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம். அலட்சியத்தால் பாதிப்பு நேர்ந்திருந்தால் 2 ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம்.

ரிப்போர்ட் தாளோடு நின்றுவிடாமல் எக்கோ வீடியோவையும் வாங்கி வையுங்கள். அடுத்த முறை எண் இறங்கியிருந்தால், இறங்கியது இதயமா, இடம் மாறியது கோடா என்று இரண்டு வீடியோவையும் அருகருகே ஓடவிட்டு டாக்டர் பார்க்க முடியும்.