‘கட்டாயம்’ என்று போட்டால் கட்டாயமா?

‘சொந்தமாக விமானம் வைத்திருக்கிறேன்’ என்று நம்ம ஊர் பஸ்ஸில் சொல்லிப் பாருங்கள். பக்கத்து சீட் ஆசாமி கொஞ்சம் தள்ளி உட்காருவார். அமெரிக்காவில், ‘அப்படியா, என்ன மாடல்?’ என்று கேட்பார்கள். ஏர்லைன்ஸ்காரர்களை விட்டுவிட்டு எண்ணினாலே அங்கே 2 லட்சம் விமானங்களுக்கு மேல் தேறும். டாக்டர், வக்கீல், பண்ணைக்காரர் எல்லாம் நாலு பேர் உட்காரும் செஸ்னாவோ பைப்பரோ வைத்திருக்கிறார்கள். அதில் பலது கிழடு. 1960-களில் செய்தவை இன்றைக்கும் ஜம்மென்று பறக்கின்றன.

இந்த ஓனருக்கு ஒரு நாள் கம்பெனியிலிருந்து தபால் வருகிறது. தலைப்பிலேயே கொட்டை எழுத்தில் ‘மேண்டேட்டரி சர்வீஸ் புல்லட்டின்’. இன்ன பாகத்தைக் கழற்றிப் பார், இத்தனை மணி நேரத்துக்குள் மாற்று என்கிறது. செய்தால் பில் எகிறும்.

மேண்டேட்டரி என்றால் கட்டாயம். செய்யாவிட்டால் குற்றமா?

இல்லை! சொந்த உபயோகத்துக்குப் பறப்பவருக்கு அந்தக் ‘கட்டாயம்’ சட்டப்படி வெறும் சிபாரிசு. விமானம் செய்த கம்பெனி சட்டம் போட முடியாது. உங்கள் ஸ்கூட்டர் கம்பெனி ‘ஆயிலை மாற்று’ என்று புத்தகத்தில் போட்டிருப்பதற்காக டிராஃபிக் கான்ஸ்டபிள் உங்களை நிறுத்துவதில்லை அல்லவா, அந்த மாதிரி.

அப்படியானால் எதுதான் கட்டாயம்?

முதலாவது, ஏ.டி. என்கிற ‘ஏர்வொர்தினஸ் டைரக்டிவ்’. இதைப் போடுவது எஃப்.ஏ.ஏ. என்கிற அரசாங்க விமானத் துறை. பறக்கத் தகுதியில்லாமல் போகிற அளவுக்கு ஒரு குறை இருக்கிறது, அதே மாடலில் மற்றதிலும் வரலாம் என்று தெரிந்தால் உத்தரவு பிறக்கும். இது சாட்சாத் சட்டம். கீழ்ப்படியாமல் பறந்தால், பறக்கிற ஒவ்வொரு தடவையும் ஒரு மீறல். பத்து தடவை பறந்தால் பத்து! கம்பெனியின் புல்லட்டினை ‘இதன்படி செய்’ என்று ஒரு ஏ.டி. சொல்லிவிட்டால், நேற்று வரை சிபாரிசாக இருந்த அதே காகிதம் இன்றைக்குச் சட்டமாகிவிடும்.

இரண்டாவது, மானுவலில் உள்ள ஒரு பகுதி. ‘ஏர்வொர்தினஸ் லிமிடேஷன்ஸ்’ என்று பெயர். இன்ன பாகத்தின் ஆயுள் இத்தனை மணி, அப்புறம் தூக்கிப் போட வேண்டியதுதான் என்கிற மாதிரி விஷயங்கள் அதில் இருக்கும். எஃப்.ஏ.ஏ. ஒப்புதல் பெற்ற பகுதி என்பதால் மறு பேச்சு கிடையாது. ஆனால் விமானத்தை விற்றபிறகு கம்பெனி அந்தப் பகுதியைக் கடுமையாக்கினால், பழைய விமானங்களைக் கட்டுப்படுத்த அரசாங்கம் ஒரு ஏ.டி. போட்டாக வேண்டும்.

மூன்றாவதில்தான் குழப்பம். மெக்கானிக் ஒரு வேலையைச் செய்தால், இப்போது நடப்பில் உள்ள மானுவலில் சொன்ன முறைப்படியோ, எஃப்.ஏ.ஏ. ஒத்துக்கொள்ளும் வேறு முறைப்படியோ செய்ய வேண்டும். ‘எங்க தாத்தா காலத்துப் புத்தகத்தில் இப்படித்தான் இருக்கு’ என்று ஸ்பானரைத் தூக்க முடியாது. ஆக ‘எப்படிச் செய்வது’ என்பதில் சட்டம் இருக்கிறது. ‘எப்போது செய்வது’ என்பது வேறு கதை. 12 மாதத்துக்கு ஒரு தடவை வருடாந்தர சோதனை கட்டாயம். ஆனால் பல லைகமிங் என்ஜின்களை 2,000 மணி நேரம் அல்லது 12 வருஷத்தில் முழுசாகப் பிரித்து ஓவர்ஹால் செய்யச் சொல்கிறதே கம்பெனி, அது சொந்த உபயோகக்காரருக்கு யோசனைதான். அதே விமானத்தை டாக்சி மாதிரி வாடகைக்கு ஓட்ட லைசென்ஸ் வாங்கினால் விதி மாறும். கம்பெனி சொன்ன என்ஜின் பராமரிப்பையோ, எஃப்.ஏ.ஏ. ஒப்புக்கொண்ட வேறு திட்டத்தையோ பின்பற்றியே தீர வேண்டும். காசு கொடுத்து ஏறுகிறவன் உயிருக்குக் காபந்து அதிகம்.

ஏன் இந்தப் பாகுபாடு? 2008-ல் எஃப்.ஏ.ஏ.வின் சட்டப் பிரிவே ஒரு விளக்கம் தந்தது. கம்பெனியின் சோதனைத் திட்டத்தின்படி நடக்கும் விமானங்களைப் பற்றிய கேள்வி அது. ‘நடப்பில் உள்ள திட்டம்’ என்றால் ஓனர் அதை ஏற்றுக்கொண்ட நாளில் நடப்பில் இருந்தது. பிற்பாடு கம்பெனி சேர்ப்பதெல்லாம் தானாகக் கட்டாயமாகாது என்றார்கள். காரணம் 1946-ம் வருஷத்து நிர்வாக நடைமுறைச் சட்டம். புது விதி போடுவதானால் பொதுவாக முன்னறிவிப்புக் கொடுத்து, ஜனங்களின் கருத்தைக் கேட்டுவிட்டு, அரசாங்கம்தான் போட வேண்டும். தனியார் கம்பெனியின் தபாலுக்கு அந்த அதிகாரம் வந்துவிட்டால்? பாகத்தை விற்கிறவனே ‘பாகத்தை மாற்று’ என்று சட்டமும் போடுவான். பூனையிடமே பால் கணக்கு!

அப்படியானால் புல்லட்டினைச் சுருட்டி மூலையில் போட்டுவிடலாமா? அவசரப்படாதீர்கள்.

1987-ல் டெக்சாஸ் மாநிலத்தில், எண்ணெய்க் குழாய்களைத் தாழப் பறந்து கண்காணித்துக் கொண்டிருந்த ஒரு பைப்பர் விமானத்தின் இறக்கை பறக்கும்போதே பிய்ந்தது. உடனே ஏ.டி. வந்தது: எல்லோரும் இறக்கையின் முதுகெலும்பு போன்ற ‘ஸ்பார்’ சட்டத்தைச் சோதியுங்கள் என்று. சோதித்ததில் விரிசல் அபூர்வமாகவே அகப்பட்டது. 1989-ல் உத்தரவை வாபஸ் வாங்கினார்கள்.

2018 ஏப்ரல் 4. ஃபுளோரிடாவில் டேட்டோனா பீச். எம்ப்ரி-ரிடில் பல்கலைக்கழகத்தின் பைப்பர் ஆரோ விமானம். 7,690 மணி நேரம் பறந்தது. உள்ளே ஒரு மாணவரும் தேர்வு நடத்தும் அதிகாரியும். மேலே ஏறும்போது இடது இறக்கை தனியாகக் கழன்றது. இருவரும் பிழைக்கவில்லை. காரணம் அதே ஸ்பாரில் உலோகக் களைப்பால் வந்த விரிசல். வெறும் கண்ணால் பார்த்தால் தெரியாத இடம். எட்டி கரண்ட் கருவி வைத்து அங்கே தேடு என்று சொல்லும் ஏ.டி. அன்றைக்கு எதுவும் அமலில் இல்லை. வந்தது, 2021 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது.

சட்டம் பெரும்பாலும் விபத்துக்குப் பின்னால்தான் வருகிறது. எஃப்.ஏ.ஏ. விதியில் இன்னொரு வரியும் உண்டு: விமானத்தைப் பறக்கத் தகுந்த நிலையில் வைத்திருக்கும் முதல் பொறுப்பு ஓனருக்கு, அல்லது இயக்குபவருக்கு. மெக்கானிக்கைக் கைகாட்டித் தப்பிக்க முடியாது.

ஆகவே புல்லட்டினைக் குப்பைக் கூடையில் போடலாம்; சட்டம் தடுக்காது. ஆனால் போடுவதற்கு முன்னால் எதற்காக அனுப்பினார்கள் என்று முழுசாகப் படித்துவிட்டு, நல்ல மெக்கானிக் ஒருவரைக் கேட்டுவிட்டுப் போடுவது உத்தமம். ஐயாயிரம் அடி உயரத்தில் ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, இறங்கி என்னவென்று பார்க்க வசதி கிடையாது.