இரு நாடுகளின் கைத்தொழில் உற்பத்தியை ஒப்பிடுதல்: பிரித்தானியாவும் ஜேர்மனியும் (1880 – 1913)

அட்டவணை ஒன்றைத் தந்து "ஒப்பிட்டு விளக்குக" எனக் கேட்டால், மாணவர் பலர் அட்டவணையிலுள்ள எண்களையே மீண்டும் எழுதிவிட்டு நிறுத்திவிடுகின்றனர். அது ஒப்பீடு ஆகாது. எண்களுக்கிடையேயான தொடர்பையும் அதற்கான காரணத்தையும் கூறுவதே ஒப்பீடு. கைத்தொழிற் புரட்சி என்னும் அலகில் வரும் உருக்கு உற்பத்தியை உதாரணமாகக் கொண்டு இதனைப் பார்ப்போம்.

உருக்கு உற்பத்தி (அண்ணளவாக, மில்லியன் தொன்)

ஆண்டு – பிரித்தானியா – ஜேர்மனி
1880 – 1.3 – 0.7
1890 – 3.6 – 2.2
1900 – 5.0 – 6.5
1913 – 7.7 – 17.6

1. மொத்த அளவைப் பார்த்தல்

1880இல் பிரித்தானியாவின் உற்பத்தி ஜேர்மனியினதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. 1890இற்கும் 1900இற்கும் இடையில் ஜேர்மனி முந்திவிட்டது. 1913இல் ஜேர்மனியின் உற்பத்தி பிரித்தானியாவினதைப் போல 2.3 மடங்காகியது.

2. வளர்ச்சியைப் பார்த்தல்

1880 முதல் 1913 வரை பிரித்தானியாவின் உற்பத்தி சுமார் 6 மடங்காகவும் ஜேர்மனியின் உற்பத்தி சுமார் 25 மடங்காகவும் பெருகின. இங்கேதான் பலர் புள்ளிகளை இழக்கின்றனர். "பிரித்தானியாவின் உற்பத்தி வீழ்ச்சியடைந்தது" என எழுதுவது பிழை. அதன் உற்பத்தி ஒவ்வோர் ஆண்டு நிரலிலும் கூடியே உள்ளது. குறைந்தது உற்பத்தியன்று, ஜேர்மனியுடன் ஒப்பிடும்போது அதற்கிருந்த இடமே. எனவே "பின்தங்கியது" என்பதே சரியான சொல்.

3. சனத்தொகையைக் கவனித்தல்

1913இல் பிரித்தானியாவின் சனத்தொகை அயர்லாந்து உட்பட சுமார் 46 மில்லியன். ஜேர்மனியினது சுமார் 67 மில்லியன். உற்பத்தியைச் சனத்தொகையால் வகுத்தால் ஒருவருக்குப் பிரித்தானியாவில் சுமார் 167 கிலோகிராமும் ஜேர்மனியில் சுமார் 263 கிலோகிராமும் கிடைக்கும். 2.3 மடங்காகத் தெரிந்த இடைவெளி இப்போது 1.6 மடங்காகச் சுருங்குகிறது. ஜேர்மனியே முன்னிற்கிறது, ஆயினும் அட்டவணை முதலில் காட்டிய அளவுக்கு அல்ல.

4. எல்லைகளைக் கவனித்தல்

நீண்ட காலத்தை ஒப்பிடும்போது நாட்டின் எல்லை மாறியதா எனப் பார்க்க வேண்டும். இரும்புத்தாது நிறைந்த லொறெயின் பிரதேசத்தின் ஒரு பகுதியை 1871இல் பிரான்சிடமிருந்து ஜேர்மனி பெற்றது. 1919இல் வேர்சைல்ஸ் உடன்படிக்கையினால் அதனை இழந்தது. ஆகவே 1913ஆம் ஆண்டின் ஜேர்மனியும் 1920ஆம் ஆண்டின் ஜேர்மனியும் ஒரே நிலப்பரப்பு அல்ல.

5. காரணங்களைக் கூறுதல்

• லொறெயின் தாதுவில் பொசுபரசு அதிகம். 1856இல் அறிமுகமான பெசமர் முறையால் அதிலிருந்து நல்ல உருக்கு பெற முடியவில்லை. 1870களின் இறுதியில் சிட்னி கில்கிறிஸ்ற் தோமஸ் கண்டறிந்த முறை இத்தடையை நீக்கியது. அவர் ஒரு பிரித்தானியர். ஆனால் பெரும் பயனடைந்தது ஜேர்மனியே.
• ரூர் பிரதேசத்தில் நிலக்கரி ஏராளமாகக் கிடைத்தது.
• 1879இல் ஜேர்மனி காப்புவரியை விதித்தது. பிரித்தானியா சுதந்திர வர்த்தகக் கொள்கையைத் தொடர்ந்தது.
• ஜேர்மனியில் தொழினுட்பக் கல்வி விரைவாக வளர்ந்தது.

6. முடிவை அளவோடு எழுதுதல்

உருக்கு ஒரு பொருள் மாத்திரமே. கப்பல் கட்டுதலிலும் பருத்தித் துணி ஏற்றுமதியிலும் 1913இல் கூடப் பிரித்தானியாவே உலகில் முதலிடம் வகித்தது. எனவே "கைத்தொழில் முழுவதிலும் ஜேர்மனி முந்தியது" என இந்த அட்டவணையை மட்டும் கொண்டு எழுதக்கூடாது. "உருக்கு உற்பத்தியில் முந்தியது" என எழுதுங்கள். தரவு எவ்வளவு கூறுகிறதோ, அவ்வளவே உங்கள் முடிவும் கூற வேண்டும்.

பயிற்சி: 1890 – 1900 காலப்பகுதியில் இரு நாடுகளினதும் உற்பத்தி அதிகரிப்பைச் சதவீதத்தில் காண்க.
(விடை: பிரித்தானியா சுமார் 39%, ஜேர்மனி சுமார் 195%)