மே லீவிலும் சாகாத பூச்செடி

 

ஒவ்வொரு வருஷமும் ஜூன் மாசம் பள்ளி திறக்கும்போது நம் தோட்டத்தில் என்ன இருக்கிறது? காய்ந்த குச்சிதான். லீவில் ரோஜாவுக்குத் தண்ணி ஊற்ற யாரும் இல்லை. அதனால் இந்த முறை அந்திமந்தாரை வைக்கலாம் என்று நான் சொல்கிறேன். காரணம் இதோ.

இதன் வேர் கிழங்கு மாதிரி பருத்து, தண்ணீரையும் உணவையும் சேர்த்து வைக்கும். வெயிலில் மேலே செடி காய்ந்தாலும், மழை பெய்ததும் கிழங்கிலிருந்து மறுபடி துளிர் விடும். கீழே விழுந்த விதைகளும் தானாக முளைக்கும்.

உங்களுக்குத் தெரியுமா? இதன் சொந்த ஊர் அமெரிக்கக் கண்டம். சாயங்காலம் நாலு மணி வாக்கில் பூக்கும். அதனால் ஆங்கிலத்தில் இதற்கு ‘நாலு மணிப் பூ’ என்று பெயர். நம்ம லாங் பெல் அடிக்கிற நேரம்! வாசனைக்கு இரவில் அந்துப்பூச்சி தேடி வரும். காலையில் பூ வாடிவிடும். ஒரு பூவுக்கு ஒரே ஒரு விதைதான். ஜெர்மன் விஞ்ஞானி கார்ல் காரென்ஸ் இந்தச் செடியை வைத்தும் மரபியல் ஆராய்ச்சி செய்தார். சிவப்பையும் வெள்ளையையும் சேர்த்தால் ரோஸ் நிறம் வருமாம்!

வளர்க்கும் முறை:
1. விதையை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊற வைக்கவும்.
2. அரை விரல்கடை ஆழத்தில், ஒன்றரை அடிக்கு ஒன்றாக ஊன்றவும்.
3. முளைக்கும் வரை மண் ஈரமாக இருக்கட்டும். ஒன்றிரண்டு வாரத்தில் முளைக்கும்.
4. செடி பிடித்த பிறகு மண் காய்ந்தால் மட்டும் ஊற்றினால் போதும். தண்ணி தேங்கினால் கிழங்கு அழுகிடும்.

முக்கியமான எச்சரிக்கை: விதை அச்சு அசல் மிளகு மாதிரியே இருக்கும். ஆனால் விதையும் கிழங்கும் விஷம். வாயில் போட்டால் வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். அதனால் ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைகள் விளையாடும் இடத்திலும், சத்துணவுக் கூடத்துப் பக்கத்திலும் வைக்கவே கூடாது. பின்பக்கச் சுவர் ஓரம்தான் சரி. விதை எடுத்தால் கையைக் கழுவுங்கள்.

எங்க அப்பத்தா வீட்டுக் கொல்லையில் இருந்து ஒரு டப்பா விதை கொண்டு வந்திருக்கிறேன். வகுப்புக்குப் பத்து விதை தருகிறேன். வகுப்புத் தலைவர்கள் வந்து வாங்கிக்கொள்ளவும். அடுத்த ஜூனில் குச்சியைப் பார்க்காமல் துளிரைப் பார்ப்போம்!



– ஒன்பதாம் வகுப்பு மாணவி