எலைசாவைப் படைத்தவர்

‘அண்ணன் என்னோடு பேசுவதில்லை’ என்று தட்டினால், ‘வீட்டில் வேறு யார் உங்களோடு பேசுவதில்லை?’ என்று கேள்வி வரும். ‘அண்ணன்’ என்ற சொல்லைக் கண்டதும் குடும்பத்துக்கென்று வைத்திருக்கும் வாய்பாட்டை எடுப்பது, ‘என்’னை ‘உங்கள்’ ஆக்குவது, மீதியை அப்படியே ஒட்டித் திருப்புவது. தெரிந்த சொல் எதுவும் சிக்காவிட்டால், ‘மேலே சொல்லுங்கள்’. ‘எலைசா’ என்ற கணினி நிரலின் வித்தை இவ்வளவுதான்.

1966-ல் இதை வெளியிட்ட ஜோசப் வைசன்பாம், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பேராசிரியர். பெர்னார்ட் ஷாவின் நாடகத்தில் நாகரிகமாகப் பேசப் பழக்கப்படும் பூக்காரியின் பெயரையே நிரலுக்கு வைத்தார். அதற்கு மனநல மருத்துவர் வேடம் கொடுத்ததும் சாமர்த்தியம்தான். வந்தவர் சொன்னதையே திருப்பிக் கேட்கும் மருத்துவருக்கு உலகம் தெரிந்திருக்க வேண்டியதில்லையே!

நிரல் உருவானதை மாதக்கணக்கில் பக்கத்தில் இருந்து பார்த்தவர் அவருடைய செயலாளர். அவரே ஒருநாள் எலைசாவோடு சில வரிகள் பேசிவிட்டு, ‘கொஞ்சம் வெளியே இருங்கள்’ என்றாராம். வைசன்பாம் ஆடிப்போனார். கென்னத் கோல்பி போன்ற மனநல மருத்துவர்களோ, இப்படியொரு கணினி மணிக்குப் பல நூறு நோயாளிகளைக் கவனிக்கும் என்று எழுதத் தொடங்கியிருந்தார்கள்.

1923-ல் பெர்லினில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர் வைசன்பாம்; நாஜிகளுக்குத் தப்பி 1936-ல் அமெரிக்கா வந்தார். 1950-களில், வங்கிக் காசோலைகளைக் கையாளும் கணினியை உருவாக்கிய குழுவில் இருந்தார். தொழிலின் உள்ளும் புறமும் அறிந்த ஆள். அதனால்தான் 1976-ல் ‘கணினியின் ஆற்றலும் மனிதப் பகுத்தறிவும்’ என்ற பொருளில் தலைப்பிட்டு அவர் எழுதிய நூல் சக விஞ்ஞானிகளைச் சுட்டது. கணக்குப் போட்டு முடிவெடுப்பது வேறு, மனிதர் தம் பொறுப்பில் ஒன்றைத் தேர்வது வேறு என்றார். நீதிபதியின் வேலையையும் மனநல மருத்துவரின் வேலையையும் கணினியால் செய்ய முடிந்தாலும் அதனிடம் கொடுக்கக் கூடாது என்பது அவர் கட்சி. செயற்கை நுண்ணறிவு முன்னோடி ஜான் மெக்கார்த்தி நூலைக் கடுமையாகச் சாடினார். நூலில் ஆங்காங்கே உபதேச வாடை அடிப்பது உண்மைதான். ஆனாலும் ‘முடியுமா’ என்று எல்லோரும் கேட்ட காலத்தில் ‘கூடுமா’ என்று கேட்டவர் வைசன்பாம்.

1996-ல் பெர்லினுக்கே திரும்பினார், 2008-ல் மறைந்தார். எலைசாவின் மூல நிரல் 2021-ல் எம்.ஐ.டி. காப்பகத்தில், அவர் விட்டுச்சென்ற காகிதங்களுக்கிடையே கிடைத்தது. மொத்தமே சில நூறு வரிகள்.